நால்வருக்கு மேல் கூடாது

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் நாளிதழில் இரண்டு வாக்கியங்கள் அநேகமாகத் தவறுவதில்லை. மருந்துகளுக்கு இடையே ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என்பது ஒன்று. போர்மேன் கைது, உரிமையாளரைப் போலீசார் தேடிவருகின்றனர் என்பது மற்றொன்று. சில வாரம் கழித்து மூன்றாவது செய்தியும் வரும்: தொழிலாளர்களுக்கும் போர்மேன்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு நடந்தது, அதிகாரிகள் அறிவுரை வழங்கினார்கள், எல்லாரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். இந்த மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அவற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஓடுவது தெரியும். விபத்து வேலை செய்கிறவரின் கையில் பிறக்கிறது, அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் நின்றுவிடும் என்கிற நம்பிக்கை அது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. உயிரைக் காத்தவை பெரும்பாலும் பொருளையும் சுவரையும் ஆள் கணக்கையும் மாற்றிய முடிவுகள். பயிற்சியால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அது எதைக் கற்பிக்கிறது, கற்றவர் கையில் என்ன அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன்.

தீப்பெட்டியிலிருந்து தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகளில் தீக்குச்சியின் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குப் பல்வலியில் தொடங்கித் தாடை எலும்பே அழுகியது. லண்டன் போ பகுதியில் இருந்த பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண்களும் சிறுமிகளும் 1888இல் வேலைநிறுத்தம் செய்தது தொழிற்சங்க வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அரசு முதலில் தேர்ந்தெடுத்தது ஒழுங்குமுறை வழியைத்தான்: கை கழுவ வேண்டும், பல்லைப் பரிசோதிக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். நோய் போகவில்லை. மாற்றுப் பொருள் இல்லாமலும் இல்லை. குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸைத் தடவும் முறைக்கு ஸ்வீடனில் பாஷ் என்பவர் 1844லேயே காப்புரிமை பெற்றிருந்தார். விலை கூடுதல் என்பதால் பலர் அதைத் தொடவில்லை. 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியையே தடை செய்யும் உடன்படிக்கையைச் செய்தன. இந்தியாவில் அதற்கான சட்டம் 1913இல் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது, அந்தப் பொருள் சட்டத்துக்கு வெளியே போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலுக்குக் குழந்தை உழைப்பு, தீ விபத்து, குறைந்த கூலி என்று எத்தனையோ அவப்பெயர் உண்டு. தாடை அழுகல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஊர் அந்த ஒரு நோயிலிருந்து தப்பியது எந்த வகுப்பினாலும் அல்ல. ஒரு பொருளை உலகம் கைவிட்டதால்.

பட்டாசுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோக, 1940களின் தொடக்கத்தில் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் எழுந்தன. அவற்றுக்கான சட்டம் முன்பே காத்திருந்தது: 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 1940ஆம் ஆண்டின் விதிகள். இந்தச் சட்டத்துக்கு முன்மாதிரி பிரிட்டனின் 1875ஆம் ஆண்டுச் சட்டம். 1871இல் ஸ்டோமார்க்கெட் என்ற சிற்றூரில் வெடிபஞ்சு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து வெடிபொருள் ஆய்வாளரான விவியன் மஜெண்டியின் உழைப்பு அந்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் இருந்தது. அந்த மரபின் சாரத்தை இன்றைக்கும் எந்தப் பட்டாசு ஆலையிலும் கண்ணால் காணலாம். ஒரே பெரிய கட்டடம் கிடையாது. பொட்டல் வெளியில் சிறுசிறு அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஒரு அறையில் நால்வருக்கு மேல் உட்காரக் கூடாது, மருந்து கலக்கும் இடத்தில் அதைவிடக் குறைவு. எந்த அறையில் எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. இரும்புக் கருவி ஆகாது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. மனிதன் என்றாவது ஒருநாள் தவறுவான் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த நாள் வரும்போது நாலு பேரோடு முடியட்டும், நாற்பது பேர் வரை போகவேண்டாம் என்று அது கணக்குப் போடுகிறது. கேட்கக் கொடூரமாக இருக்கிறது என்றாலும் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு முறைகளில் கருணை மிகுந்தது இதுதான்.

பொருளை மாற்றும் வழியும் பட்டாசில் உண்டு. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்தால் லேசான உரசலுக்கே பற்றிக்கொள்ளும் கலவை கிடைக்கும். அதைப் பட்டாசில் பயன்படுத்துவதை பிரிட்டன் 1894இல் தடுத்தது. இந்தியாவில் இன்று நடைமுறையில் இருக்கும் தடை 1992 ஜனவரி 27ஆம் தேதியிட்ட அறிவிக்கை. செய்தித்தாள் சொல்லும் அந்த 'உராய்வு' ஒரு தொழிலாளியின் கையசைவு மட்டுமே அல்ல, எந்தக் கலவை எவ்வளவு உரசலைத் தாங்கும் என்று வேறொருவர் எங்கோ எடுத்த முடிவும் அதற்குள் இருக்கிறது என்பதை இந்த அறிவிக்கை மறைமுகமாகச் சொல்லிவிட்டது.

பாதுகாப்பு வகுப்பின் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 'பாதுகாப்பே முதல்' என்ற முழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உருக்காலைகளில் பரவியது. விபத்துகளில் பெரும்பகுதி அடிபட்டவரின் கவனக்குறைவால்தான் என்று ஆலை மேலாளர்கள் உறுதியாகச் சொல்லிவந்த காலம் அது. கிரிஸ்டல் ஈஸ்ட்மேன் என்ற பெண் வழக்கறிஞர் பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் ஓராண்டில் வேலையிடத்தில் நேர்ந்த 526 சாவுகளை ஒவ்வொன்றாக விசாரித்து, 1910இல் புத்தகமாக வெளியிட்டார். மேலாளர்களின் கணக்கு அந்தச் சாவுகளோடு ஒத்துப்போகவில்லை. நீண்ட வேலைநேரம், பழுதான கருவி, அவசரப்படுத்தும் உற்பத்தி முறை என்று காரணங்கள் கவனக்குறைவுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஆனாலும் வென்றது மற்ற தரப்புதான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெய்ன்ரிக் 1931இல் எழுதிய நூல், நூற்றுக்கு 88 விபத்துகள் ஆட்களின் பாதுகாப்பற்ற செயல்களாலும், 10 பாதுகாப்பற்ற சூழலாலும், மீதி 2 தவிர்க்க முடியாமலும் நேர்வதாகச் சொன்னது. அவர் எடுத்துக்கொண்டவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை நிர்வாகங்களின் பதிவேடுகளும். விபத்து ஏன் நடந்தது என்று மேற்பார்வையாளர் எழுதிவைத்ததை எண்ணினால் மேற்பார்வையாளரின் கருத்துத்தானே விடையாக வரும்? அந்த மூல ஆவணங்களைப் பின்னாளில் தேடியவர்களுக்கு அவை கிடைக்கவும் இல்லை. ஆனாலும் 88 என்ற எண் உலகெங்கும் பாதுகாப்பு வகுப்புகளின் கரும்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இந்தியாவுக்கு இந்த மரபு அரசு அமைத்த ஒரு நிறுவனமாக வந்து சேர்ந்தது 1966இல். அதற்கு முந்தைய டிசம்பரில் டெல்லியில் தொழிற்பாதுகாப்பு மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து 1966 மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 1972 முதல் அந்தத் தேதி தேசியப் பாதுகாப்பு நாள். பேட்ஜ், சுவரொட்டி, வாசகப் போட்டி, உறுதிமொழி என்று ஒவ்வொரு மார்ச்சும் ஆலைகளில் விழா நடக்கும். இதைக் கேலி செய்வது எளிது, ஆனால் அது நியாயமாகாது. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆலைகளில் அந்த ஒரு நாளாவது அதன் ஊக்கை இழுத்துப் பார்த்தார்கள். தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் போன்ற இடங்களில் படித்து வந்த பாதுகாப்பு அலுவலர்கள் பெரிய ஆலைகள் பலவற்றின் முகத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் 1976இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்திப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியபோது பொதுவாக ஆயிரம் தொழிலாளர் என்பதே அளவாக வைக்கப்பட்டது. அபாயம் மிகுந்த தொழில்களுக்கு மாநில அரசு தனியே ஆணையிடலாம் என்று இருந்தது. ஐம்பது, அறுபது பேர் வேலை செய்யும் சிறு பட்டாசு ஆலையில் அந்த அலுவலரின் இடத்தை நிரப்புகிறவர் போர்மேன். உற்பத்திக்குப் பொறுப்பாளியும் அவரே, பாதுகாப்புக்குப் பொறுப்பாளியும் அவரே, விபத்து நடந்தால் சிறைக்குப் போகிறவரும் பெரும்பாலும் அவரே.

பட்டாசு ஆலை வகுப்பில் சொல்லப்படும் பாடங்களில் ஒன்றை அருகே போய்ப் பார்க்கலாம். மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதே என்பது அது. பாடம் முற்றிலும் சரி. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளே வேதிவினை தொடங்கி மெல்ல மெல்லச் சூடேறும். அதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சிறிதளவு சேர்க்கிறார்கள். இரவெல்லாம் கிடந்த கலவையை மறுநாள் காலையில் கிளறும்போது வெடிப்பதற்கு இந்தச் சூடு ஒரு காரணம். இதை அறியாத தொழிலாளி அந்த வட்டாரத்தில் குறைவு. அறிந்தும் ஏன் மீந்த மருந்து அறையில் கிடக்கிறது? கூலி எண்ணிக்கைக்கு. காலையில் வந்து கலக்கிக் காத்திருந்தால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. கொஞ்சம் கூடுதலாகக் கலந்து வைத்தால் மறுநாள் விடிந்ததும் பட்டாசுக்குள் செலுத்தத் தொடங்கலாம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆர்டர் குவியும்போது அறைக்குள் நால்வர் ஆறு பேராவதும், அறைக்கு வெளியே மரத்தடியில் திரி பின்னுவதும் சரவெடி கோப்பதும் இதே கணக்கால்தான். வகுப்பு அங்கே வேலை செய்யும் பெண்ணிடம், எச்சரிக்கையாக இரு என்கிறது. கூலிமுறை அதே பெண்ணிடம், வேகமாக இரு என்கிறது. வாரக் கடைசியில் சம்பளம் தருவது இரண்டாவது குரல். அவர் எதைக் கேட்பார் என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு ஆலைத் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. விதிகள் 1940 முதலே இருக்கின்றன, 1983இலும் 2008இலும் புதுப்பிக்கப்பட்டன, ஆனாலும் சாவு நிற்கவில்லை. ஆகவே குறை விதியில் இல்லை, கடைப்பிடிக்கிறவரிடம் இருக்கிறது என்பார்கள். கடைப்பிடிக்கிறவர் யார் என்று இரண்டு விபத்துகளைப் பார்த்தால் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. இறந்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களும் அல்ல. முதல் வெடிப்புக்குப் பிறகு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு குழுவை அனுப்பியது. உரிமம் பெற்ற ஆலையை அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடும் வழக்கம் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. உரிமம் ஒருவர் பெயரில், உற்பத்தி பலர் கையில், ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஓர் அவசரம். வெடிபொருள் துறையின் நாக்பூர் தலைமையகம் தந்த உரிமமா, சென்னை அலுவலகம் தந்த உரிமமா, மாவட்ட வருவாய் அலுவலர் தந்த உரிமமா என்று கேட்டு அதற்கேற்பக் கிலோ கணக்கை அளக்கும் முறை முழுவதும் ஓர் உரிமத்துக்கு ஒரே நிர்வாகம் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. உள்குத்தகை அந்த அனுமானத்தைப் பிடுங்கிவிடுகிறது. ஆக, விதியை மீறியவர்கள் உண்டு, உண்மைதான். வெடியுப்புக் கலயத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணுக்கு அந்த மீறலைப் பற்றி ஒரு வகுப்பும் தேவைப்படவில்லை. வகுப்புக்கு வரவேண்டியிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. பயிற்சியால் பயன் விளைந்த தொழில் இல்லையா? இருக்கிறது, சுரங்கம். 1958 பிப்ரவரியில் வங்காளத்தின் சினாகுரி நிலக்கரிச் சுரங்கத்தில் 170க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டில் சுரங்கப் பாதுகாப்புக்கான முதல் தேசிய மாநாடு கல்கத்தாவில் கூடியது. 1966இல் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் வந்தன. அதன்படி குறிப்பிட்ட பயிற்சி முடிக்காதவரைச் சுரங்கத்தில் வேலைக்கு வைப்பதே சட்டமீறல். பின்னர் தொழிலாளர்களிடையிலிருந்தே ஒருவர் தொழிலாளர் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். அவர் பயிற்சி பெற்றவர், சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைப் பதிவேட்டில் எழுதும் உரிமை உள்ளவர். எழுதியதற்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். சாஸ்னாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27 அன்று தண்ணீர் புகுந்து 375 பேர் இறந்ததை அந்தப் பயிற்சி விதிகள் தடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் சுரங்கத்தின் அனுபவம் என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது. அங்கே பயிற்சி விழாவாக இல்லை, வேலைக்குள் நுழையும் வாயிலாக இருந்தது. கற்றவர் கையில் ஒரு பதிவேடும் கொடுக்கப்பட்டது. பட்டாசு ஆலையில் வகுப்பு முடித்து வெளியே வரும் பெண்ணின் கையில் ஒரு சான்றிதழ் இருக்கலாம். ஐந்தாவது ஆள் அறைக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டால் அந்தச் சான்றிதழிடம் பதில் இல்லை.

அப்படி ஓர் அதிகாரத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த பிரிவுகளில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். அபாயகரமான செயல்முறை கொண்ட ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு ஒன்று. உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை இரண்டாவது. மூன்றாவதாக 111அ பிரிவு, தன் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும் நிர்வாகத்தின் செலவில் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை கொடுத்தது. பயிற்சியை அறிவுரையாக இல்லாமல் உரிமையாகப் பேசிய சட்டம் இது. வேலையை நிறுத்திவிட்டு வெளியேறும் உரிமையை அது வெளிப்படையாகத் தரவில்லை என்பது பெரிய குறை. அதைவிடப் பெரிய குறை, இருக்கிற அளவையாவது எடுத்துச் சொல்லும் வகுப்புகள் அரிது என்பது. பருத்தி ஆடை உடுத்து, செல்பேசி கொண்டுவராதே என்று சொல்லும் பாடத்தில், உன் அறைக்கு எத்தனை கிலோ அனுமதி என்று கேட்க உனக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது என்ற வரி ஏன் இடம்பெறுவதில்லை?

சுற்றுச்சூழல் பக்கம் நடந்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். டெல்லியின் புகைமூட்டம் பற்றி 2015இல் மூன்று குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் கதவடைத்தன. பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டுமல்லாமல் மத்தாப்பு வகைகள் பலவற்றுக்கும் ஆதாரம் என்பதால் வலி உண்மையானது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி புதிய கலவைகளை உருவாக்கியது, சிவகாசியிலேயே பரிசோதனைக்கூடம் திறந்தது, நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள் ஒப்பந்தம் போட்டுக் கலவை முறையைக் கற்றுக்கொண்டார்கள். துகள் மாசு 30 சதவீதமாவது குறையும் என்பது நீரி சொன்ன கணக்கு. அது எவ்வளவு நிறைவேறியது என்பதில் வழக்கு இன்னும் ஓயவில்லை. இந்தப் பயிற்சியில் யார் மாணவர்? உரிமையாளரும் ஆலையின் வேதியியலாளரும். ஏன் வந்தார்கள்? கற்காவிட்டால் சரக்கு விற்காது. இதில் யாருடைய மனமாற்றத்துக்கும் யாரும் காத்திருக்கவில்லை. கலவையை மாற்று என்றார்கள், மாற்றினார்கள். தீபாவளி இரவில் டெல்லியில் சுவாசிக்கிறவருக்காகச் செய்ய முடிந்ததை, ஆண்டு முழுவதும் அந்தத் தூளின் நடுவே உட்கார்ந்திருக்கிறவருக்காகச் செய்ய முடியாது என்று இனிச் சொல்ல வழியில்லை.

செலவு கட்டாது என்பார்கள். சிறு ஆலைகளின் லாபம் குறைவு என்பதும், கெடுபிடி கூடினால் தொழில் உரிமமே இல்லாத வீடுகளுக்குள் போய்விடும் என்பதும் வெறும் சாக்கல்ல. வீட்டுக்குள் திருட்டுத்தனமாகச் செய்யும் பட்டாசு கொல்வதை அந்த வட்டாரம் நன்றாகவே அறியும். ஆனால் நான் கேட்பவற்றில் பாதிக்குப் பெரிய செலவில்லை. மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளில் எண்ணிக்கைக் கூலியை விட்டு நாள் கூலிக்கு மாறினால் கூடுவது சில பேரின் சம்பளம்தான். உள்குத்தகையைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டாம், இருப்பதே போதும். சிவகாசி விபத்தொன்றில் 39 பேர் இறந்ததைத் தானாக எடுத்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பில் வேலைக்கு வைத்த குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று உரிமையாளர்களிடம் சொன்னபோதும் தொழில் அழிந்துவிடும் என்ற பேச்சு எழுந்தது. குழந்தைகள் பெருமளவு ஆலைகளை விட்டு வெளியே வந்தார்கள், தொழிலும் இருக்கிறது.

அடுத்த மார்ச் 4 விழாவை நடத்தப்போகிற அதிகாரிகளுக்கும் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உறுதிமொழியைத் தொழிலாளர்களிடம் வாங்குவதற்கு முன், ஒவ்வொரு அறையின் கதவிலும் எத்தனை ஆள், எத்தனை கிலோ என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை மீறப்பட்டால் எழுதிவைக்க ஒரு பதிவேட்டை அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் கையில் கொடுங்கள். உறுதிமொழியை முதலில் உரிமம் வைத்திருப்பவர் வாசிக்கட்டும்.